கொழம்புல கொதிச்சா எல்லாம் செத்துடும்னு சொல்லாதீங்க

போன மழைக்காலத்துல நடந்தது இது, ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன், இப்பதான் கை வந்துச்சு. நாங்க இருக்கிறது யாங்கோன்ல இருந்து பாகோ ஆத்துப் பாலம் தாண்டி தன்லியின் பக்கம். தமிழ் வீடு ஒரு முப்பது நாப்பது இருக்கும், எல்லா வீட்டுக் கொல்லையிலயும் கோழி உண்டு. எங்ககிட்ட அப்ப பெரிய கோழி பதினஞ்சு, அதுல மூணு சேவல், முனீஸ்வரன் பூசைக்குனு நேந்து விட்டது.

ஒருநாள் காலைல கூட்டத் தெறந்தா எல்லாம் வெளிய ஓடுது, ஒரு சாம்பக்கலர் பெட்ட மட்டும் மூலையிலயே நிக்குது. ரெக்கைய தொங்கப் போட்டுட்டு, கண்ண மூடி மூடித் தூங்குது. நல்ல முட்டைக்கோழி அது, ரெண்டு தடவ குஞ்சு பொரிச்சது. கொண்டை கருநீலமா இருந்துச்சு, தாடை வீங்கியிருந்துச்சு. அத்தை வந்து பாத்தாங்க, பாத்த ஒடனே என்ன சொல்வாங்கனு எனக்குத் தெரியும், உங்க வீட்லயும் அதையேதான் சொல்வாங்க. "சாகறதுக்குள்ள அறுத்துரு, செத்துட்டா யாருக்கும் ஆகாது, கொழம்புல கொதிச்சா எல்லாம் செத்துடும்."

நான் அறுத்தேன். முந்தின நாள் அருவாமனையில பட்ட வெட்டு கட்டைவிரல்ல அப்படியே இருக்கு, அதோடதான் அறுத்தேன், கையுறை ஒண்ணும் போடல. வயித்தத் தெறந்து ஈரல வெளிய எடுத்தா, நல்ல கோழி ஈரல் எப்படி இருக்கும், கருஞ்சிவப்பா வழவழனு ஓரமெல்லாம் கூர்மையா இருக்கும், இது வீங்கி உப்பி, மேல முழுக்க குண்டூசி முனையளவுக்கு வெள்ளைப் புள்ளி, ரவைய அள்ளித் தூவுன மாதிரி. இதயத்தச் சுத்தி இருக்கிற கொழுப்புல சின்னச் சின்னதா ரத்தப் பொட்டு. கைய அப்படியே நிறுத்திட்டேன்.

என் அக்கா பொண்ணு ஏசின்ல இருக்கிற கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துல படிக்குது. போட்டோ எடுத்து வைபர்ல அனுப்புனேன், அரை மணி நேரத்துல போன் வந்துச்சு. "சித்தி, அத சமைக்காதீங்க, மொதல்ல கைய சோப்பு போட்டுக் கழுவுங்க, பாக்க கோழிக் காலரா மாதிரி இருக்கு, லேப்ல பாத்தாத்தான் உறுதியா சொல்லலாம், ஆனா எதுவா இருந்தாலும் அது சாப்பிடற கோழி இல்ல"ன்னுச்சு. புதைச்சுட்டேன். அத்தை ரெண்டு நாள் எங்கூடப் பேசல. ஒரு வீசைக்கு மேல இருக்கும் அந்தக் கோழி, வீசைனா இங்க 1.6 கிலோ கிட்ட, பர்மாக்காரங்க பெய்தானு சொல்வாங்க. இன்னிக்கு சந்தையில நாட்டுக்கோழி விக்கிற வெலைக்கு அத மண்ணுல போட யாருக்கும் மனசு வராது, அத்தைய நான் தப்பு சொல்லல. அவங்க வளந்த காலத்துல வீட்டுல கறி வேகறதே மாசத்துக்கு ஒருதடவதான். அந்த வாரத்துலயே இன்னும் அஞ்சு கோழி போச்சு. என் விரல் வீங்கி மூணு நாள் ஊசி போட்டுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு கேட்டு, படிச்சு, நானே ஒவ்வொரு கோழியா அறுக்கும்போது பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டததான் எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அத்தை சொல்றதுல பாதி சரி. கறியோட நடுப்பாகம் 74 டிகிரி சூடு ஏறிட்டா சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் மாதிரி கிருமியெல்லாம் செத்துடும், பறவைக்காய்ச்சல் வைரஸும் செத்துடும். நம்ம கொழம்பு தளதளனு முக்கா மணி நேரம் கொதிக்குது, அதுல கொறையே இல்ல. ஆனா கோழி கொழம்புச் சட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி நம்ம கையில, மூஞ்சில, மூச்சுல, அருவாமனையில, பலகையில, கொல்லைத் தண்ணியில எல்லாம் பட்டுட்டுத்தானே போகுது, அங்கெல்லாம் யாரு கொதிக்க வைக்கிறா? ஆபத்து அங்கதான் இருக்கு. அப்புறம் கொதிச்சாலும் போகாத சமாச்சாரமும் ரெண்டு இருக்கு, அத பின்னாடி சொல்றேன்.

பறவைக்காய்ச்சல எடுத்துக்கோங்க. நம்ம நாட்டுல அது மொதல்ல வந்தது 2006 மார்ச்ல, மண்டலே, சகாயிங் பக்கம். அடுத்த வருஷம் யாங்கோன்லயும் வந்துச்சு, பண்ணைக் கோழியெல்லாம் அழிச்சாங்க, ஞாபகம் இருக்கும். 2007 கடைசியில ஷான் மாநிலம் கெங்துங்ல 7 வயசுப் பொண்ணு ஒண்ணுக்கு அது தொத்திக்கிச்சு, பர்மாவுல மனுஷங்களுக்கு வந்த மொதல் கேஸ் அது, நல்லவேளையா அந்தக் குழந்த பொழச்சுக்கிச்சு. உலகம் முழுக்க இந்த எச்5என்1ங்கிற பறவைக்காய்ச்சல் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க, நோய்வாய்ப்பட்ட கோழியையோ செத்த கோழியையோ கையால தொட்டவங்க, அறுத்தவங்க, ரெக்கை பிடுங்கினவங்க, இல்லனா அந்த மாதிரி கோழி இருந்த எடத்துல பொழங்குனவங்க. நல்லா வெந்த கறியச் சாப்பிட்டு வந்ததா இல்ல. யோசிச்சுப் பாருங்க, நம்ம வீட்டுல ரெக்கை பிடுங்கறது யாரு? பொம்பளைங்களும் பிள்ளைங்களும்தான். சுடுதண்ணியில முக்கின கோழிய மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கிட்டு, ஆவி மூக்குல ஏற ஏற பிடுங்குறோம். அந்தச் சாம்பக்கலர் கோழி அறுக்கும்போது என் சின்னவ பக்கத்துல உக்காந்து ரெக்கை எடுத்துட்டு இருந்தா. அத நெனச்சா இப்பவும் எனக்கு வயித்தக் கலக்குது.

அதனால எங்க வீட்டுல இப்ப ஒரே சட்டம்தான். சோந்து நிக்கிற கோழி, கழிச்சல் போற கோழி, மூக்குல சளி ஒழுகற கோழி, தல வீங்கின கோழி, எதுவும் கத்திக்குப் போகாது. அத தனியா அடைச்சு வைக்கிறோம், தேறுனா தேறட்டும். ரெண்டு மூணு நாளுக்குள்ள நாலஞ்சு கோழி பொசுக்குனு செத்தா தொடவே கூடாது, கால்நடைத் துறை ஆபீஸுக்குச் சொல்லணும். சொன்னா எல்லாக் கோழியையும் புடிச்சுட்டுப் போயிடுவாங்கனு பயந்துட்டு ராத்திரியோட ராத்திரி அறுத்து பக்கத்து வீடுகளுக்குப் பங்கு போட்டு அனுப்புற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, எனக்குத் தெரியும், தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. அந்தக் கறியோட சேத்து என்னத்தக் குடுக்கறோம்னு நமக்கே தெரியாது.

எங்க தெருவுல ஒரு பாய் இருக்காரு, சூலியா முஸ்லிம், நம்ம தமிழ்தான் பேசுவாரு, தலமுற தலமுறயா கோழி அறுக்கறவங்க. அவருகிட்ட கோழிய நீட்டுனா மொதல்ல கையில வாங்கித் தூக்கிப் பாப்பாரு, நெஞ்செலும்ப தடவுவாரு, கண்ணப் பாப்பாரு. தொங்கற கோழினா "இத எடுத்துட்டுப் போம்மா"னு திருப்பிக் குடுத்துருவாரு. செத்தது அவங்களுக்கு ஹராம், சாகப்போறதயும் அவரு தொட மாட்டாரு. சின்ன வயசுல அவரு எதுக்கு இவ்ளோ நேரம் தடவுறாருனு எனக்குப் புரியாது. இப்ப நானும் அதையேதான் செய்யறேன்.

எப்படினா, கோழிய ரெண்டு கையிலயும் புடிச்சு நெஞ்செலும்ப விரலால தடவணும். ரெண்டு பக்கமும் சதை கும்முனு இருந்தா நல்லது. எலும்பு கத்தி மாதிரி தூக்கிட்டு நின்னு, கோழி தக்கையா இருந்தா, தீனி நல்லா தின்னும் எளைச்சுக்கிட்டே போகுதுனா, உள்ள ஏதோ இருக்கு, கோழிக் காசநோயா இருக்கலாம், மேரக்ஸ்னு ஒரு வைரஸ் நோயால வர்ற கட்டியா இருக்கலாம். வயசான கோழியிலதான் காசநோய் அதிகம். அப்புறம் காத வெச்சு மூச்சு கேக்கணும், கொர்கொர்னு சத்தம் வரக்கூடாது. பின்பக்கம் ரெக்கையில எச்சம் ஒட்டிப் பச்சையா காஞ்சிருந்தா வேண்டாம். கழுத்துக்குக் கீழ இருக்கிற தீனிப்பை காலைல காலியா இருக்கணும், நேத்து தின்னது அப்படியே கல்லு மாதிரி நின்னா செரிக்கலனு அர்த்தம். இதெல்லாம் ஒரு நிமிஷ வேலை.

மருந்து விஷயத்துக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்பக் கோவம் வர்ற எடம். கொதிச்சாலும் போகாததுனு சொன்னேன்ல, மொதல்லது இதுதான். கோழிக்கு சீக்கு வந்தா நாம என்ன பண்றோம், சந்தையில தீவனக் கடைக்குப் போறோம், "கோழி தூங்குது"ன்னு சொல்றோம், அவங்க ஒரு பெரிய டப்பாவுல இருந்து மஞ்சளா ஒரு பொடிய கரண்டியால அள்ளி சின்ன பிளாஸ்டிக் பையில போட்டு ரப்பர் பேண்ட் சுத்திக் குடுக்கறாங்க. பேரு இல்ல, தேதி இல்ல, எவ்ளோ கலக்கணும்னு வாயாலதான் சொல்லுவாங்க. அது ஆண்டிபயாடிக். மிச்சம் இருந்த கோழிகளக் காப்பாத்தலாம்னு நானும் அப்படித்தான் வாங்குனேன். குடுத்த எட்டு ஒம்பது நாள்ல பூசை வருது, "இந்த மருந்து குடுத்த கோழிய எத்தன நாள் கழிச்சு அறுக்கலாம்"னு கடையில போய்க் கேட்டேன். கடைக்காரரு என்னயே வித்தியாசமா பாத்துட்டு "தேறிடுச்சுனா அறுத்துக்க வேண்டியதுதானே"ன்னாரு. நான் டப்பாவக் காட்டுங்கனு சொல்லி வாங்கிப் பாத்தா அதுல எழுதியிருக்கு, பர்மியத்துலயே எழுதியிருக்கு, கடைசி மருந்து குடுத்த நாள்ல இருந்து இத்தன நாள் கறிக்கு ஆகாதுனு. அவரு அத ஒருநாளும் படிச்சதே இல்ல போல. டப்பாவுல இருக்கு, பையில இல்ல, வாங்கிட்டுப் போறவங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு மருந்துக்கும் இந்த நாள் கணக்கு வேற வேற. சிலதுக்கு ஒண்ணுமே வேண்டாம், சிலதுக்கு அஞ்சு நாள், சிலதுக்கு ரெண்டு வாரம் அதுக்கு மேலயும் உண்டு. முட்டைக்குத் தனிக் கணக்கு, சில மருந்து முட்டையிடற கோழிக்குக் குடுக்கவே கூடாது. என்ரோஃப்ளாக்சசின்னு ஒரு மருந்து நம்ம பக்கம் தண்ணியாப் பொழங்குது, அமெரிக்காவுல 2005லயே அத கோழிக்குக் குடுக்கக் கூடாதுனு நிறுத்திட்டாங்க, ஏன்னா கோழிக்குள்ள இருக்கிற கேம்பைலோபேக்டர் கிருமி அந்த மருந்துக்குப் பழகிடுது, அப்புறம் அதே கிருமி மனுஷனுக்கு வந்தா அதே ஜாதி மருந்து வேலை செய்யாது. கறியில தங்குன மருந்து கொழம்புல கொதிச்சா முழுசா போயிடாது, பென்சிலின் ஒத்துக்காதவங்கள்ல சிலருக்குக் கறியில இருக்கிற கொஞ்சமே போதும், ஒடம்பெல்லாம் தடிச்சுக்கும். அதனால டப்பாவக் காட்டச் சொல்லிக் கேளுங்க, போட்டோ எடுத்துக்கோங்க. நான் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டுல எந்தக் கோழிக்கு என்னிக்கு என்ன குடுத்தேன், என்னிக்கு முடிஞ்சுது, எத்தன நாள் தள்ளணும்னு எழுதறேன், கோழி கால்ல கலர் நூலு கட்டறேன். அந்தப் பூசைக்கு எங்க சேவல் போகல, வெளிய வாங்கிக் குடுத்தோம், நேந்துவிட்ட சேவல மாத்தலாமானு அத்தைக்கு மனசே இல்ல. பூசாரி ஐயாகிட்ட போய்க் கேட்டேன். "சாமிக்கு மருந்து தின்ன சேவல் வேண்டாம்மா, அடுத்த வருஷம் குடு"னு சொல்லிட்டாரு, அதோட பிரச்சன முடிஞ்சுது.

வர்றதுக்கு முன்னாடி தடுக்கறதுதான் லேசு. வெள்ளைக் கழிச்சலுக்கு கண்ணுல சொட்டு விடற மருந்து இருக்கு, ஐ-2னு சொல்வாங்க, சூட்டுல சீக்கிரம் கெடாத ஜாதி, பிரிட்ஜ் இல்லாத கிராமத்துக்குனே கண்டுபுடிச்சது, இங்க பர்மாவுலயே தயாரிக்கறாங்க. மூணு நாலு மாசத்துக்கு ஒருதடவ, ஒரு கண்ணுல ஒரு சொட்டு, அவ்ளோதான். நாலு வீடு சேந்து ஒரே நாள்ல போட்டா ஒரு குப்பி வீணாகாது, நாங்க இப்ப அப்படித்தான் போடறோம்.

சரி, நல்ல கோழிதான், மருந்து நாளும் தாண்டிடுச்சு, அறுக்கலாம். முந்தின ராத்திரியே தீனிய நிறுத்திடணும், ஒரு 12 மணி நேரம், தண்ணி மட்டும் வைக்கலாம். குடல் காலியா இருந்தா அறுக்கும்போது கிழிஞ்சாலும் அவ்ளோ அசிங்கம் ஆகாது. விடியக்காலைல வெயில் ஏர்றதுக்கு முன்னாடி முடிச்சுடறது நல்லது. ரத்தம் முழுக்க வடியட்டும், ரெண்டு மூணு நிமிஷம் தலகீழா புடிங்க. தண்ணி தளதளனு கொதிக்க வேண்டாம், தோலு வெந்து கிழிஞ்சுடும், 60ல இருந்து 65 டிகிரி போதும், அடுப்புல இருந்து எறக்கி கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்தி, கோழிய முக்கி ஆட்டி, வால் ரெக்கைய இழுத்தா லேசா வரணும், வந்தா சரி. மூக்குலயும் வாயிலயும் துணி கட்டிக்கோங்க, கையில வெட்டு இருந்தா பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கோங்க. அப்புறம் தீயில வாட்டி மஞ்சள் தேய்க்கறது நம்ம வழக்கம், செய்யுங்க, வாசமும் நெறமும் அதுலதான் வரும், ஆனா மஞ்சள் தேச்சா கிருமி போயிடுச்சுனு கணக்கு வைக்காதீங்க.

தெறக்கும்போதுதான் நிதானம் வேணும். பின்துவாரத்தச் சுத்தி வட்டமா மெல்லக் கீறி, குடல் கிழியாம மொத்தமா வெளிய இழுக்கணும். கிழிஞ்சு எச்சம் கறியில பட்டுடுச்சுனா நெறைய பேரு தண்ணிய ஊத்தி அலசிடறாங்க, அலசுனா அந்த அசிங்கம் கறி முழுக்கப் பரவும், பட்ட எடத்த மட்டும் கத்தியால சீவி எறிஞ்சுடறதுதான் சரி. பித்தப்பை பச்சையா ஈரலோட ஒட்டிட்டு இருக்கும், அது ஒடஞ்சா கசப்புதான், விஷம் இல்ல, பட்ட எடத்த வெட்டிப் போட்டுட்டு மிச்சத்த சமைக்கலாம்.

உள்ள எல்லாம் நல்லா வெளிச்சத்துல பாருங்க. எங்க அம்மா சமையக்கட்டு மூலைல விளக்கு வெளிச்சத்துல அறுப்பாங்க, நான் வாசல்ல பலகை போட்டு வெயில்ல பாக்கறேன். ஈரல்ல வெள்ளைப் புள்ளி இருந்தா மொத்தக் கோழியும் வேண்டாம், ஈரல மட்டும் எறிஞ்சுட்டு கறிய வெச்சுக்கறது கூடாது, ஏன்னா அந்தக் கிருமி ரத்தத்தோட ஒடம்பு பூரா ஓடியிருக்கும். ஈரல் வீங்கி வெண்கலம் மாதிரி பச்சை கலந்த நெறத்துல இருந்தா அது கோழி டைபாய்டா இருக்கலாம், வேண்டாம். ஈரல், மண்ணீரல், குடல் மேல சாம்பலும் மஞ்சளுமா கட்டி கட்டியா முடிச்சு இருந்தா காசநோய்னு வெச்சுக்கோங்க, வேண்டவே வேண்டாம். இன்னொண்ணு அடிக்கடி வரும், இதயத்து மேலயும் ஈரல் மேலயும் வெள்ளையா ஏடு படிஞ்ச மாதிரி, தயிர்க்கட்டி மாதிரி, நுரையீரல் பக்கம் காத்துப் பையில மஞ்சளா பாலாடைக்கட்டி மாதிரி, மோந்தா கெட்ட வாடை. அது ஈ-கோலிங்கிற கிருமி உள்ள புகுந்து சீழ் வெச்சது. போன தை மாசம் ஒரு வெடக்கோழி, வெளிய பாத்தா ஒரு கொறையும் சொல்ல முடியாது, தெறந்தா உள்ள இப்படி இருந்துச்சு, நான் கையால அந்த ஏட்ட உரிச்சுப் பாத்தேன், பால் ஆறுனா மேல படியற ஆடை மாதிரியே உரிஞ்சு வந்துச்சு, அடியில ஈரல் சிவப்பா நல்லாத்தான் இருக்கு. அத்தை பக்கத்துல நின்னு பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல, அவங்களே மண்வெட்டி எடுத்துட்டு வந்தாங்க.

முட்டைக்கோழியில வயித்துக்குள்ள மஞ்சக்கரு ஒடஞ்சு சிதறி நாத்தத்தோட இருந்தா அதுவும் வேண்டாம். வயித்துல மஞ்சத் தண்ணி கோத்து நிக்கிறது பிராய்லர்ல வரும், இங்க சிபி கோழினு சொல்றோமே அந்த ஜாதியில, வேகமா வளர்றதால இதயம் தாங்காம வர்றது, அதையும் நான் எடுக்கறது இல்ல.

எல்லாத்தையும் பாத்துப் பயப்படவும் வேண்டாம். குடல்ல வெள்ளையா நூடுல்ஸ் மாதிரி புழு இருந்தா குடல எறிஞ்சுட்டு கறியச் சாப்பிடலாம், அந்தப் புழு மனுஷங்களுக்கு வர்றது இல்ல, மிச்சக் கோழிக்குப் புழு மருந்து குடுங்க. அம்மை வந்து தழும்பு ஆறுன கோழி தாராளமா சாப்பிடலாம், கோழி அம்மை வேற, நம்ம பிள்ளைங்களுக்கு வர்ற அம்மை வேற, ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. அடிபட்டுக் கன்னுன எடம், கால்ல ஆணி, அந்த எடத்த மட்டும் வெட்டி எறிஞ்சா போதும். கொழுப்பு மஞ்சளா இருந்தா நல்ல கோழி, சோளமும் கீரையும் தின்ன கோழினு அர்த்தம். ஒருதடவ மஞ்சக் கொழுப்பப் பாத்து மஞ்சக்காமாலை வந்த கோழினு ஒரு அக்கா தூக்கி எறிஞ்சுட்டாங்க, பாவமா இருந்துச்சு.

பலகை விஷயம். நம்ம சாப்பாட்டுல பர்மாக்காரங்க பழக்கமும் கலந்துடுச்சு, கொழம்பு ஒரு பக்கம் கொதிக்கும்போதே தக்காளி வெங்காயம் பச்சையா நறுக்கிப் போட்டு அத்தோனு ஒரு கலவை பிசையறோம், அதே பலகை, அதே கத்தி, தண்ணியில ஒரு அலசு. கோழி கொதிச்சுடும், தக்காளி கொதிக்குமா? ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு விசேஷத்துல நாலஞ்சு பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு, காய்ச்சல், எல்லாரும் அன்னிக்கு சாப்ட பலூடாவ கொற சொன்னாங்க. சால்மொனெல்லா சாப்ட 6 மணி நேரத்துல இருந்து 3 நாளுக்குள்ள எப்ப வேணா காட்டும், கேம்பைலோபேக்டர் ரெண்டுல இருந்து அஞ்சு நாள் எடுக்கும், அதனால நாம எப்பவும் கடைசியா சாப்டதத்தான் திட்டுவோம், மூணு நாள் முந்தி அறுத்த கோழிய யாரும் நெனைக்க மாட்டாங்க. கோழிக்குத் தனிப் பலகை வெச்சுக்கோங்க. கறிய குழாயடியில வெச்சு சடசடனு கழுவாதீங்க, அந்தத் தண்ணி தெறிச்சு பக்கத்துல கவுத்து வெச்ச தட்டு மேல எல்லாம் படும்.

கொதிச்சாலும் போகாத ரெண்டாவது சமாச்சாரம், வெளிய கெடந்த கறி. சில கிருமி கறியில வளரும்போதே விஷத்தக் கக்கும், கிருமி கொதிச்சா சாகும், அந்த விஷம் சாகாது. சித்திரைத் தண்ணித் திருவிழா சமயத்துல இங்க வெயில் 37, 38க்குப் போகுது, அந்தச் சூட்டுல கறி ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கக்கூடாது, சாதாரண நாள்ல ரெண்டு மணி நேரம். சமைச்ச கொழம்புக்கும் இதே கணக்குதான், மத்தியானம் வெச்சத ராத்திரி சூடு பண்ணிக் குடுத்தா சரியாகிடாது. அறுத்த கோழி நாலு மணி நேரத்துக்குள்ள 4 டிகிரிக்கு ஆறணும். கரண்ட் இருக்கிற ஊர்ல இருக்கறவங்களுக்கு இது ஒரு பேச்சே இல்ல, நம்ம ஊர்ல கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு கடவுளுக்குத்தான் தெரியும், பிரிட்ஜ நம்பிக் கறி வைக்க முடியாது. நாங்க ஐஸ் கடையில பாதிக் கட்டி வாங்கிட்டு வந்து, மீனுக்குப் போடற ஐஸ் அது, என்ன தண்ணியில செய்யறாங்களோ, அதனால கறிய கெட்டியான பிளாஸ்டிக் பையில கட்டி ஐஸ் தண்ணிக்குள்ள போட்டுடறோம், ஐஸ் கறியில நேரா படாது. ஒரு ஏழெட்டு மணி நேரம் அப்படியே கெடந்தா நாட்டுக்கோழி வெறைப்பும் விட்டுடும், கறி மெத்துனு வேகும். எவ்ளோ சமைக்கப் போறோமோ அவ்ளோதான் அறுக்கறது, மிச்சம் வைக்கறது இல்ல.

புதைக்கறதப் பத்தி ஒண்ணு. செத்த கோழிய, எறிய வேண்டிய குடல, ஓடையில போடாதீங்க. எங்க ஊர்ல ஓடை ஓரமா வெள்ளையா உப்பி மெதந்து போறத நானே பாத்திருக்கேன், கீழ்ப்பக்கம் வீட்டு வாத்தும் கோழியும் அதத்தான் கொத்துது, அடுத்த வாரம் அங்க சாவு விழுது. நாய் தோண்ட முடியாத ஆழத்துக்குக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்க, கெணத்துக்கு ரொம்பத் தள்ளி. கூட்டைக் கழுவிக் காய வெச்சு, செருப்ப மாத்தி, சாயங்காலம் குளிச்சுட்டு அப்புறம் நல்ல கோழிகிட்ட போங்க.

இந்த வருஷப் பூசைக்கு ஆறு சேவல். ஐஸுக்குச் சொல்லியாச்சு, பாய்கிட்டயும் சொல்லியாச்சு. நேத்து சாயங்காலம் கோழி அடையற நேரத்துல அத்தை கூட்டுப் பக்கம் நின்னு ஒவ்வொரு சேவலா தூக்கி நெஞ்சத் தடவிட்டு இருந்தாங்க. கால்ல செவப்பு நூலு கட்டுன ஒண்ண கையில புடிச்சுட்டே உள்ள பாத்துக் கூப்பிட்டாங்க, "ஏம்மா, இதுக்கு மருந்து என்னிக்கு முடிஞ்சுது, அந்த நோட்ட எடுத்துப் பாரு."

பாத்தேன். இன்னும் நாலு நாள் இருந்துச்சு. அத தனிக் கூட்டுல விட்டுட்டாங்க.